ஐநூறு ரூபாய் ஃபோகஸ் அட்டை: வாங்கலாமா, ஸ்கேலும் காலண்டர் தாளும் போதுமா?

கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் நாம் சொன்ன இடத்தில்தான் விழுகிறதா என்று சோதிக்க, ஆன்லைனில் ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மடக்கு அட்டை இது. பெயரில்லாத சரக்கு, ஒரே அட்டையை ஆளாளுக்கு ஒரு பெயர் போட்டு விற்கிறார்கள், அதனால் எதை வாங்கினேன் என்று சொல்லிப் பயனில்லை. பிரித்து நிறுத்தினால் ஒரு பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட செங்குத்துப் பலகை, அதை ஒட்டிச் சாய்வாக ஒரு அளவுகோல். அளவுகோலின் நடுவில் 0, அதற்கு மேலே பின்பக்கத்துக்கான எண்கள், கீழே முன்பக்கத்துக்கானவை. அடியில் ட்ரைபாடில் மாட்ட ஒரு திருகு ஓட்டை, ஓரத்தில் பொட்டு அளவுக்கு ஒரு ரசமட்டம். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் அட்டை கையில் இருந்தால் மட்டும் லென்ஸ் சரியாகிவிடாது. எப்படி வைக்கிறோம், எந்த வெளிச்சத்தில் வைக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது, அதைப் பற்றி அட்டையோடு வந்த துண்டுச் சீட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் அட்டையோடு சேர்த்து அந்த வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

வாங்கக் காரணம் செகண்ட் ஹேண்டில் எடுத்த ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம், ஏனென்றால் கோளாறு லென்ஸுடையதா, பாடியுடையதா (லென்ஸ் நீங்கலான கேமரா), இல்லை இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் சரியில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாத விவகாரம் இது. தங்கையின் வளைகாப்பில் எஃப் 1.8-ல் வைத்து எடுத்த க்ளோசப்களில், கண்ணில்தான் ஃபோகஸ் புள்ளியை வைத்தேன், ஆனால் மூக்குத்திக் கல்லின் பட்டைகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிகின்றன, இமை முடிகள் மங்கிக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு படம் அப்படி இருந்தால் அவள் அசைந்திருப்பாள், நான் அசைந்திருப்பேன் என்று விட்டுவிடலாம். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக, எப்போது பார்த்தாலும் மூக்குப் பக்கமே ஷார்ப்பாக இருந்தால் அதற்குப் பெயர் ஃப்ரண்ட் ஃபோகஸ். கடைக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் கை நடுக்கம் சார், ட்ரைபாட் போட்டு எடுங்க" என்றார். கை நடுங்கியிருந்தால் மூக்குத்தியும் அல்லவா கலங்கியிருக்க வேண்டும்!

கணக்கைப் பார்த்தால் இந்தப் பிரச்சினை ஏன் எல்லா லென்ஸிலும் கண்ணில் படுவதில்லை என்பது புரியும். 2 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளை 85 எம்எம் லென்ஸில் எஃப் 1.8-ல் எடுத்தால், ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் உள்ள கேமராவில் ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரில் 6 செ.மீ. வரும். அதாவது ஏபிஎஸ்-சி-யில் கண்ணுக்கு முன்னால் 2 செ.மீ., பின்னால் 2 செ.மீ., அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் இடம். ஃபோகஸ் 3 செ.மீ. முன்னால் விழுந்துவிட்டால் கண் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதே லென்ஸை எஃப் 8-க்கு மூடினால் ஆழம் 17 செ.மீ. அளவுக்கு விரிந்துவிடும், அதே 3 செ.மீ. பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் பல வருடம் ஓட்டிவிட்டு, முதல்முதலாக ஒரு 50 எம்எம் 1.8 வாங்கியதும் "ஃபோகஸே நிற்கமாட்டேங்குது" என்று புலம்புவது இதனால்தான்.

சரி, ஏன் இப்படி முன்னால் பின்னால் விழுகிறது? டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது படம் பிடிக்கும் சென்சாருக்கு அந்த வேலையில் பங்கே கிடையாது. லென்ஸிலிருந்து வரும் ஒளியில் கொஞ்சத்தைப் பெரிய கண்ணாடி தன் நடுப்பகுதி வழியாக உள்ளே விடுகிறது, அதற்குப் பின்னாலிருக்கும் இன்னொரு சின்னக் கண்ணாடி அதைக் கீழே திருப்பி, கேமராவின் அடியில் இருக்கும் தனி ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) சென்சாருக்கு அனுப்புகிறது. அந்தச் சுற்றுவழியின் தூரமும், ஒளி நேராகப் போய்ப் படச் சென்சாரில் விழும் தூரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஏஎஃப் சென்சார் "சரியாகிவிட்டது" என்று பீப் கொடுக்கும், படம் வேறிடத்தில் ஷார்ப்பாக இருக்கும். லென்ஸ் பக்கமும் இப்படி ஒரு சின்ன வித்தியாசம் இருக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் தொல்லை, எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். நண்பனின் பாடியில் அழகாக வேலை செய்யும் லென்ஸ் நம் பாடியில் சொதப்புவதற்கு இதுதான் காரணம். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் இந்தச் சுற்றுவழியே கிடையாது. படச் சென்சாரே பார்த்து ஃபோகஸ் செய்கிறது. ஆகவே வீட்டுச் சோதனை முழுவதற்கும் லைவ் வியூதான் ஆதாரம், அட்டை அதற்கு ஒரு துணை.

பணம் கட்டும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிழையைக் கண்டுபிடித்தால் அதைத் திருத்த உங்கள் பாடியில் வசதி இருக்கிறதா? கேனனில் இதற்குப் பெயர் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏஎஃப் ஃபைன் ட்யூன். இரண்டு கம்பெனியும் 2007-ல்தான் ஆரம்பித்தன, கேனன் 1டி மார்க் 3-ல், நிக்கான் டி3, டி300-ல். கேனன் 50டி-யில் இருந்தது, 60டி-யில் தூக்கிவிட்டார்கள், அதற்குத் திட்டு வாங்கி 70டி-யில் திரும்பக் கொண்டுவந்தார்கள், 80டி, 90டி-யிலும் உண்டு. நிக்கானில் டி7000 வரிசை, டி750, டி500, டி850 எல்லாவற்றிலும் உண்டு. நம் ஊரில் அதிகம் விற்ற 1500டி, 200டி, டி3500, டி5600 இவற்றில் கிடையாது. இந்தப் பாடிகளை வைத்திருப்பவர்கள் அட்டை வாங்கினால் நோய் என்ன என்று தெரியும், மருந்து கையில் இருக்காது. லைவ் வியூவில் எடுங்கள், இல்லை பாடியையும் லென்ஸையும் சேர்த்துச் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, செய்தித்தாளை மேஜையில் விரித்து, 45 டிகிரி சாய்வாகப் பார்த்து, நடு வரியில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பார் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரம் ஒரு அடையாளம்தான், அதற்குப் பின்னாலிருக்கும் உண்மையான ஏஎஃப் பகுதி அந்தச் சதுரத்தைவிடப் பெரியது. சாய்ந்த தாளில் அந்தப் பகுதிக்குள் மேல் வரியும் இருக்கும் கீழ் வரியும் இருக்கும், கேமரா அதில் எதைப் பிடித்தது என்று நமக்குத் தெரியாது. நாம் நினைத்த வரி ஷார்ப்பாக இல்லை என்பதற்காக லென்ஸ் மேல் பழி போட்டுவிடுவோம். ஸ்கேலைச் சாய்த்து வைத்து அதன் மேலேயே ஃபோகஸ் செய்வதிலும் இதே கோளாறுதான். ஃபோகஸ் செய்யும் இலக்கு கேமராவுக்கு நேரெதிரே தட்டையாக நிற்க வேண்டும், அளவு பார்க்கும் ஸ்கேல் மட்டும் பக்கத்தில் தனியாகச் சாய்ந்திருக்க வேண்டும். லென்ஸ்அலைன், ஸ்பைடர் லென்ஸ்கால் போன்ற விலை உயர்ந்த கருவிகள் இந்த ஏற்பாட்டில்தான் வந்தன, இந்த மலிவு அட்டையும் அதைப் பார்த்துச் செய்ததுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே செய்தித்தாளைவிட இது பல மடங்கு மேல்.

இப்போது அட்டையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். கெட்டியான பிளாஸ்டிக் அட்டை, மடிப்பு இடங்களில் மெல்லியதாகக் கீறி விட்டிருக்கிறார்கள், நாலைந்து தடவை மடக்கிப் பிரித்ததுமே அந்த மடிப்புகள் தொளதொளக்க ஆரம்பித்துவிட்டன. இலக்குப் பலகையின் முகமும் அளவுகோலின் 0 கோடும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைப் பலகையின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து அது அளவுகோலை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தேன். 0-வில் வெட்டவில்லை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் வெட்டியது. அட்டையின் கனத்தைக் கணக்கில் எடுக்காமல் அச்சடித்திருக்கிறார்கள். 2 மீட்டரில் 4 செ.மீ. ஆழம் வைத்துப் பார்க்கும்போது இது பெரிய குற்றமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்போம். பென்சிலால் புதிய 0 ஒன்று போட்டுக்கொண்டேன்.

அளவுகோலின் எண்களைப் பற்றி இன்னொன்று. 45 டிகிரி சாய்ந்த ஸ்கேலில் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆழத்தில் நகர்வது 7 மில்லிமீட்டர்தான். இந்த அட்டையில் அதை ஏற்கெனவே கணக்கிட்டு, 10 என்று போட்ட இடத்தை 14 மில்லிமீட்டர் தள்ளி அச்சிட்டிருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் மடிப்பு தொளதொளத்துச் சாய்வு மாறிவிட்டால் அந்தக் கணக்கும் போச்சு. ரசமட்டத்தைப் பொறுத்தவரை கொத்தனார்கள் செய்யும் சோதனையைச் செய்தேன். மட்டமாக வைத்துக் குமிழியைப் பார்த்துவிட்டு, அட்டையை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தால் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். இதில் அந்தப் பக்கம் ஓடியது. அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைவிட எரிச்சல் தந்தது லாமினேஷன். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கட்டங்களின் பாதி பளபளவென்று வெளுத்துப் போகிறது, அட்டையை ஒருபக்கமாகத் திருப்பினால் இலக்கு கேமராவுக்கு நேராக இருக்காது. கடைசியில் ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மென்மையாக்கிக்கொண்டேன்.

வைக்கும் தூரம் முக்கியம். லென்ஸின் குவிய நீளத்தைப் போல 50 மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 50 எம்எம் லென்ஸுக்கு 2.5 மீட்டர், எந்த வீட்டு ஹாலிலும் வைத்துவிடலாம். 85 எம்எம்முக்கு நாலேகால் மீட்டர், அதற்கே டைனிங் டேபிளை நகர்த்த வேண்டியிருந்தது. 200 எம்எம் லென்ஸுக்கு 10 மீட்டர், அதற்கு மொட்டை மாடிதான். ஆனால் என் கருத்தில் இந்தக் கணக்கைவிட, நீங்கள் அந்த லென்ஸை எந்தத் தூரத்தில் அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அந்தத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உருப்படியானது. முகம் எடுக்கும் லென்ஸ் என்றால் 2 மீட்டர்.

இலக்குக்குக் கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவியில் ஓட்டை வழியாகப் பார்க்கும் வசதி உண்டு. இதில் இல்லை, அதற்கு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி போதும். கண்ணாடியை இலக்குப் பலகையின் மேல் தட்டையாக ஒட்டிப் பிடிக்கச் சொல்லி வியூஃபைண்டரில் பாருங்கள், கண்ணாடியில் உங்கள் லென்ஸின் மையம் வியூஃபைண்டரின் நடுப் புள்ளியில் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் தெரியும்வரை நகர்த்துங்கள். ரசமட்டத்தைவிட இது துல்லியம், செலவும் இல்லை.

அப்புறம் மின்விசிறி. இந்த அட்டையின் எடை ஒன்றுமில்லை, சீலிங் ஃபேன் ஓடினால் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தியே ஆக வேண்டும். வியர்வையில் நனைந்துகொண்டே செய்கிற வேலை இது, மே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படம் எடுக்கும் முறை இப்படி. லென்ஸில் உச்சத் திறப்பு, என் விஷயத்தில் எஃப் 1.8. நடுப் புள்ளி மட்டும், ஒற்றை ஃபோகஸ் மோடு. கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் ஐஎஸ்ஓ 100, 200-க்குள்ளேயே நல்ல ஷட்டர் வேகம் கிடைத்துவிடும். ரிமோட் அல்லது 2 வினாடி டைமர். முதலில் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து சில படங்கள், இதுதான் ஒப்பிடுவதற்கான படம். அடுத்து வியூஃபைண்டர் வழியாகச் சில. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட வேண்டும், ஒருமுறை மிக அருகுக்கும் அடுத்தமுறை இன்ஃபினிட்டிக்கும் திருப்பிவிட்டு, அப்புறம் ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். கலைக்காமல் மீண்டும் மீண்டும் எடுத்தால் கேமரா "ஏற்கெனவே பக்கத்தில்தானே இருக்கிறது" என்று சும்மா இருந்துவிடும், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த கதையாகும். கேனன் 50 எம்எம் எஸ்டிஎம் மாதிரி மோட்டார் வழியாகவே வளையம் இயங்கும் லென்ஸ்களில் கேமரா ஆனில் இருக்க வேண்டும், சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) மாற்றித் திருப்பிவிட்டு மீண்டும் ஏஎஃப்-க்கு வர வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை.

படங்களைக் கேமராவின் பின்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அளவுகோலில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை கோடுகள் கூர்மையாக இருக்கின்றன என்று பாருங்கள், அந்த இரண்டுக்கும் நடுவே 0 இருக்க வேண்டும். ஷார்ப் பகுதி மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் இருக்கும் என்று பழைய கணக்கு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தத் தூரத்தில் அது பொருந்தாது. 2 மீட்டரில் 85 எம்எம் எஃப் 1.8-க்குக் கணக்குப் போட்டால் முன்னாலும் பின்னாலும் கிட்டத்தட்டச் சமம், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எங்கே கூர்மை முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் நிறத்தைப் பாருங்கள். பெரிய திறப்புள்ள லென்ஸ்களில் ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் கறுப்புக் கோடுகளின் ஓரத்தில் லேசான ஊதாவும், பின்னால் இருப்பவற்றில் லேசான பச்சையும் படியும். இரண்டு நிறமும் இல்லாமல் சுத்தக் கறுப்பாக இருக்கும் இடம்தான் ஃபோகஸ். லென்ஸின் இந்தக் குறை நமக்கு இங்கே ஒத்தாசை.

என் லென்ஸில் லைவ் வியூ படங்கள் எல்லாம் பென்சில் 0-வின் மேல் வந்து உட்கார்ந்தன. வியூஃபைண்டர் படங்கள் 2 மீட்டரில் சுமார் 3 செ.மீ. முன்னால். வளைகாப்புப் படத்தில் மூக்குத்தி ஜெயித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மெனுவில் போய், அந்த லென்ஸுக்கு மட்டும் என்ற தேர்வை எடுத்து, பிளஸ் பக்கம் நகர்த்த வேண்டும். பிளஸ் என்றால் ஃபோகஸ் கேமராவை விட்டு விலகிப் பின்னால் போகும், மைனஸ் என்றால் கேமராவை நோக்கி முன்னால் வரும், கேனன் நிக்கான் இரண்டிலும் இப்படித்தான். அளவு மைனஸ் 20-லிருந்து பிளஸ் 20 வரை. கேனனில் ஒரு படி என்பது அந்த லென்ஸின் உச்சத் திறப்பில் வரும் குவிய ஆழத்தில் எட்டில் ஒரு பங்கு, எனவே திறப்புப் பெரிதாக இருக்கும் லென்ஸில் ஒவ்வொரு படியும் நுணுக்கமாக இருக்கும். என் லென்ஸில் 2 மீட்டரில் ஒரு படிக்கு நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்தது. ஒவ்வொரு படியாகத் தடவிக்கொண்டிருக்காமல் முதலில் பிளஸ் 5, பிளஸ் 10 என்று தாவிப் பார்த்துவிட்டு நடுவே தேடினால் சீக்கிரம் முடியும். பிளஸ் 7-ல் சரியாக வந்து நின்றது.

இதில் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த பிறகும் எல்லாப் படமும் ஒரே மில்லிமீட்டரில் விழாது, கொஞ்சம் முன்னே பின்னே சிதறும். அருகிலிருந்து வந்து பிடித்த ஃபோகஸும் தூரத்திலிருந்து வந்து பிடித்ததும் சற்று வேறுபடும். அது இந்த முறையின் இயல்பு, அட்டையாலோ மெனுவாலோ தீராது. சிதறலின் நடுப்புள்ளியை 0-வுக்குக் கொண்டுவருவது மட்டும்தான் நம் வேலை. சிதறலே தறிகெட்டு, ஒரு படம் முன்னால் 5 செ.மீ., அடுத்தது பின்னால் 5 செ.மீ. என்று போனால் எந்த எண்ணும் உதவாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். படத்தின் இடப்பக்கம் ஷார்ப்பாகவும் வலப்பக்கம் கலங்கியும் இருந்தாலும் அப்படியே, அது லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி விலகிய கேஸ்.

தூரம் மாறினால் எண்ணும் மாறலாம் என்பது இன்னொரு தலைவலி. நாலேகால் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது என் லென்ஸ் பிளஸ் 4-லேயே போதும் என்றது. மெனுவில் ஒரு லென்ஸுக்கு ஒரே எண்தான் போட முடியும், ஜூம் என்றால் சில கேனன் பாடிகளில் அகன்ற முனைக்கு ஒன்று, நீண்ட முனைக்கு ஒன்று என்று இரண்டு போடலாம். முகம்தான் முக்கியம் என்பதால் பிளஸ் 6-ல் நிறுத்திக்கொண்டேன். நாலு மீட்டருக்கு மேல் ஆழம் தானாகவே விரிந்துவிடுவதால் அங்கே இது உறுத்தவில்லை. இந்த விஷயத்தில் லென்ஸ் கம்பெனியான சிக்மா 2013-ல் கொண்டுவந்த யூஎஸ்பி டாக் கொஞ்சம் கொடுத்துவைத்தது. அவர்களின் புதிய வரிசை லென்ஸ்களை அதில் மாட்டிக் கம்ப்யூட்டர் வழியாக நாலு தூரத்துக்கு நாலு எண், ஜூம் என்றால் நாலு குவிய நீளத்துக்கும் சேர்த்துப் பதினாறு எண் லென்ஸுக்குள்ளேயே எழுதிவிடலாம். டாம்ரானிலும் டாப்-இன் கன்சோல் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. இந்த லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாடியில் வசதி இல்லாவிட்டாலும் கவலையில்லை. நிக்கான் டி5, டி500, டி850 வைத்திருப்பவர்களுக்கோ அட்டையின் அளவுகோலே வேண்டாம், லைவ் வியூவில் ஃபோகஸ் செய்துவிட்டு ஏஎஃப் மோடு பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல் அழுத்தினால் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் ஒருமுறை செய்ததை நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்து வரும் எண்களில் நடுவிலிருப்பதை வைத்துக்கொள்வது நல்லது.

வெளிச்சத்தின் நிறமும் விளையாடும். ஒவ்வொரு நிற ஒளியும் லென்ஸில் சற்று வேறு இடத்தில் குவிவதால், பகல் வெளிச்சத்தில் சரியாக வந்தது மஞ்சள் பல்புக்குக் கீழே கொஞ்சம் நகர்ந்துவிடலாம். கல்யாண மண்டபத்தில்தான் உங்கள் லென்ஸுக்கு வேலை என்றால், பகலில் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, இரவில் மஞ்சள் விளக்கைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள். அதேபோல் சில லென்ஸ்களில் திறப்பை மூடினால் ஃபோகஸே பின்னால் நகரும், கேனன் 50 எம்எம் எஃப் 1.2 எல் இதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட லென்ஸை முழுத்திறப்பில் சரிசெய்துவிட்டு எஃப் 2.8-ல் எடுத்தால் கண் தப்பலாம். நீங்கள் அதிகம் வைக்கும் திறப்பிலும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அட்டை இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். முடியும். தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்று போதும். அதில் தேதி எண் கொட்டைக் கறுப்பில் இருக்கும், ஏஎஃப்-க்கு இதைவிட நல்ல இலக்கு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண் வேண்டாம். 11-ஆம் தேதியும் வேண்டாம், வெறும் நெட்டுக்கோடுகளாக இருக்கும். 24, 25 மாதிரி படுக்கைக்கோடும் நெட்டுக்கோடும் கலந்த தேதியாகப் பார்த்துக் கிழித்து, ஒரு தடித்த புத்தகத்தின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு புத்தகத்தின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அதன் 15 செ.மீ. கோடு தாளின் முகத்தோடு ஒரே தளத்தில் வருமாறு பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஸ்டீல் ஸ்கேல் மின்னும், பழைய மரஸ்கேல் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த ஏற்பாட்டில் எனக்கு வந்த எண்ணும் அட்டையில் வந்த எண்ணும் ஒரு படி வித்தியாசத்தில் ஒத்துப்போயின. காலண்டர் தாளில் லாமினேஷன் இல்லாததால் வேட்டிகூடத் தேவைப்படவில்லை. மடிப்பு தொளதொளக்கும் பிரச்சினையும் இல்லை. அட்டையின் ஒரே சௌகரியம், ட்ரைபாடில் மாட்டி வேண்டிய உயரத்துக்குத் தூக்கலாம், மொட்டை மாடிக்குக் கையோடு கொண்டுபோகலாம். அதுவும் ட்ரைபாட் இரண்டு வைத்திருப்பவர்களுக்கு, கேமராவுக்கு ஒன்று வேண்டுமே.

அடிக்கடி லென்ஸ் வாங்கி விற்பவர், வாடகைக்கு விடுபவர், கல்யாண வேலைக்கு இரண்டு மூன்று டிஎஸ்எல்ஆர் பாடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர் என்றால் அட்டையை வாங்கலாம், நேரம் மிச்சமாகும். ஆனால் லாமினேஷன் இல்லாத மேட் ரகமாக, இலக்குப் பலகை பெரிதாக இருப்பதாகப் பாருங்கள். ஏஎஃப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பகுதி முழுவதும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும், சின்ன பலகையை நாலு மீட்டரில் வைத்தால் ஓரத்தில் சாய்ந்த அளவுகோலும் புள்ளிக்குள் நுழைந்துவிடும், அப்போது செய்தித்தாள் கதைதான். ஒரே பாடி, ஒரே லென்ஸ் வைத்திருப்பவர் காலண்டர் தாளைக் கிழியுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர் இரண்டையும் விட்டுவிடலாம். அங்கே ஃபோகஸைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் ஒரே சென்சார் என்பதால் இந்தச் சுற்றுவழிக் கோளாறுக்கு இடமே இல்லை. நிக்கான் இசட் 6, இசட் 7 மெனுவில் ஃபைன் ட்யூன் இன்னும் இருக்கிறது என்றாலும் அதைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு வராது. பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸில் மாட்டுபவர்களும் மெனுவில் முன்பு போட்ட எண்ணைத் தேட வேண்டாம், அது பழைய பாடியோடு போய்விட்டது.

போட்ட எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். லென்ஸ் கேப்பின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பாடி பெயரும் எண்ணும் தேதியும் எழுதியிருக்கிறேன். பாடி சர்வீஸுக்குப் போய் வந்தாலோ லென்ஸ் கீழே விழுந்தாலோ அந்த எண்ணை நம்பாமல் 0-வில் வைத்து மறுபடி ஃபேனை நிறுத்த வேண்டியதுதான்.